சுரம் தணியும் நாள்

சுரம் விட்டது என்னுஞ் சொல்லினும் இனிய சொல் நோயாளியின் இல்லத்தார் செவிக்குப் பிறிதொன்றில்லை. நான்கு நாள் கண்ணிமையாது காத்திருந்த அன்னை அன்றிரவே அயர்ந்து உறங்குகிறாள். தந்தை தம் அலுவலுக்கு மீள்கிறார். நோயுற்றவன் விடுதி மாணவனாயின், தோழர் தத்தம் அறைக்குத் திரும்புகின்றனர். பெரும்பாலான சுரங்களில் இம்மகிழ்ச்சி தக்கதே. டெங்கு எனப்படும் கொசுச் சுரத்திலோ, நிலை தலைகீழாக நிற்கின்றது. அந்நோயில் உயிர்க்கு இடர் விளையும் வேளை சுரம் ஏறி நிற்கும் வேளையன்று. அஃது இறங்கும் வேளையே. இதனை நம் மாணாக்கர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டுமென்பதும், அறியாமையால் நாம் வேறோர் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகின்றோமென்பதும் யான் ஈண்டுக் கூறப் புகுந்தவை. யான் மருத்துவனல்லேன். ஆயினும் விடுதிக் காப்பாளனாகச் சில ஆண்டு இருந்தவன். அப்பொறுப்பில் யான் செய்த பிழையொன்றே இவ்வியாசத்திற்குக் காரணம்.

அவ்வாண்டு ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்த சமயம். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கடுஞ்சுரத்தோடும், கண்ணின் பின்புறம் குத்தும் தலைவலியோடும் படுத்தான். மூன்றாம் நாள் இரத்தஞ் சோதித்து டெங்கு என்றனர். நகரத்து மருத்துவமனையொன்றிற் சேர்த்தோம். அன்று தொட்டு எங்கள் வாயில் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" முதல் நாள் 90,000 என்றார்கள், மறுநாள் 60,000. விடுதி முழுவதும் அவ்வெண் பரவிற்று. இரத்தந் தரப் பதினொரு மாணவர் தம் பெயரெழுதிக் கொடுத்து, உணவுங் கொள்ளாது மருத்துவமனைத் திண்ணையிற் காத்துக் கிடந்தனர். ஐந்தாம் நாட் காலை சுரம் விட்டது. பையன் புன்னகை செய்தான். அன்று அவன் மும்முறை வாந்தியெடுத்தான், வயிறு வலிக்கிறதென்றான். பப்பாளியிலைச் சாறு கொடுத்தோமே, அதனால் வயிறு புரட்டுகிறது போலும் என்று நாங்களே விடையுங் கூறிக்கொண்டோம். காலையிலிருந்து அவன் சிறுநீர் கழித்தானா என்று கேட்டவர் எவருமிலர். யானுங் கேட்கவில்லை. மாலையில் எண் 42,000 என்று வந்தபோது மட்டும் அனைவரும் நடுங்கினோம்.

அன்றிரவு முறைக்கு வந்த மூத்த தாதி ஒருவர், எண்ணெழுதிய தாளைப் பார்க்கவில்லை. அவன் கையைத் தொட்டுப் பார்த்தார். கை சில்லென்றிருந்தது. இரத்த அழுத்தம் அளந்தார்: 100-க்கு 84. "நூறு இருக்கிறதே, நல்லதுதானே?" என்றேன். அவர் மறுமொழி கூறாது மருத்துவரை அழைக்க ஓடினார். விடியுமட்டும் மருத்துவர் அக்கட்டிலை விட்டு நகரவில்லை. மாணவன் பிழைத்தான், பட்டமும் பெற்றுச் சென்றான். அதே வாரம், அதே மாடியில், ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சுரம் விட்ட மறுநாள் வீட்டினின்றுங் கொண்டுவந்தனர். "நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டதே, நேற்றே விட்டுவிட்டதே" என்று அவள் தந்தை தூணைப் பிடித்துக்கொண்டு அரற்றிய குரல் இன்னும் என் செவியில் நிற்கின்றது.

அந்த 100-க்கும் 84-க்கும் பொருள் யாதென்பதைப் பின்னரே கேட்டறிந்தேன். டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். ஈடிஸ் எஜிப்டி என்னுங் கொசு அதனை ஒருவரினின்று மற்றொருவர்க்குக் கொண்டு செல்லும். கடியுண்ட 4 முதல் 10 நாளுக்குள் சுரம் எழுந்து, 2 முதல் 7 நாள் நிற்கும். பெரும்பாலோர் அவ்வளவில் நலம் பெறுவர். சிலர்க்கோ, சுரம் தணியுங்கால் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் நெகிழ்ந்து, சிவப்பணுக்கள் உள்ளே நிற்க, அவற்றைத் தாங்கியோடும் நீர்ப்பகுதி மட்டும் வெளியே கசிகின்றது. வயிற்றினுள்ளும் நுரையீரலைச் சூழ்ந்த உறையினுள்ளும் அந்நீர் தேங்கும். குழாயில் எஞ்சிய இரத்தம் அடுப்பிற் சுண்டிய குழம்புபோல் தடிக்கும். உடலை விட்டுத் துளியும் வெளியேறவில்லை. காண்பார் கண்ணுக்கு இரத்தப்போக்கில்லை. எனினும் இதயந் தள்ளுதற்குரிய நீர் குறைந்துகொண்டே போகின்றது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளக் கைகால்களின் குழாய்களைச் சுருக்கி, உள்ளுறுப்புக்களுக்கு இரத்தத்தைத் திருப்புகின்றது. கைகால் குளிர்வதும் சிறுநீர் அற்றுப்போவதும் இதனாலேயே.

இந்நிலையில் இரத்த அழுத்தத்தின் மேலெண் உடனே வீழ்வதில்லை. கீழெண் ஏறுகின்றது, இரண்டிற்குமுள்ள இடைவெளி குறுகுகின்றது. நலமுள்ளார்க்கு 120-க்கு 80 எனின் இடைவெளி 40. அஃது 20 ஆகவோ அதற்குக் குறைவாகவோ வந்துவிடின், மருத்துவ நூலார் அதனை அதிர்ச்சிநிலை என்பர். எம் மாணவனுக்கு இடைவெளி 16. அப்போதும் அவன் தெளிவாகப் பேசினான். அத்தெளிவே ஏமாற்றுவது; மேலெண்ணும் வீழ்ந்து அறிவுந் தடுமாறும் வரை காத்திருப்போமாயின், மீட்பது அரிதாகிவிடும். இக்கசிவு 24 முதல் 48 மணி நேரமே நிகழ்ந்து, பின்னர்த் தானே நிற்கும். கசிந்த நீரும் குழாய்க்கு மீளும். ஏறக்குறைய இவ்விரண்டு நாளிற் காட்டுங் கவனமே உயிரைக் காப்பதும் கைவிடுவதும்.

இதற்கு வைரஸைக் கொல்லும் மருந்து உண்டோவென வினவுவோர்க்கு, இன்னும் இல்லையென்பதே விடை. ஆயினும் மருந்தில்லை என்பதும் மருத்துவமில்லை என்பதும் ஒன்றல்ல. 1950-களில் மணிலாவிலும், 1958-இல் பாங்காக்கிலும் இந்நோயின் கொடிய வடிவம் குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் தொண்டாற்றிய சுசித்ரா நிம்மானித்யா என்னும் அம்மையார் அக்குழந்தைகளின் கட்டிலருகே நின்று, எந்நாள் நீர் கசிகின்றது, எவ்வளவு கசிகின்றது, எப்போது நிற்கின்றது என்று குறித்துக் குறித்து, நோயை நிலைகளாக வகுத்தார். அதற்கேற்ற அளவில் உப்புநீர் ஏற்றும் முறையையும் வகுத்தார். உலக சுகாதார நிறுவனம் 1970-களில் வெளியிட்ட நெறிமுறைக்கு அவர்தம் வகுப்பே அடிப்படையாயிற்று. தக்க கவனிப்பில்லாவிடத்துக் கடும் டெங்குவில் நூற்றுக்கு இருபதின்மேல் இறப்பர் என்றும், கவனிப்புள்ளவிடத்து நூற்றுக்கு ஒருவருங் குறைவு என்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ளது புதுமருந்தொன்றுமன்று. கைதொட்டுப் பார்ப்பதும், அளப்பதும், எழுதுவதும், எழுதியதை ஒரு மணி கழித்து மீண்டும் பார்ப்பதுமே. ஏற்றும் நீரும் அரியதன்று. வியத்நாமில் அதிர்ச்சிநிலையிலிருந்த 383 குழந்தைகளை ஆய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, இடைத்தரமான அதிர்ச்சியில் விலைமிக்க திரவங்களினும் ரிங்கர் லாக்டேட் என்னும் எளிய உப்புநீர் தாழ்ந்ததன்று.

அந்நீரையும் அளவின்றிக் கொட்டலாகாது. கசிவு நின்றபின் வெளியே தேங்கிய நீரெல்லாம் குழாய்க்குத் திரும்புங்கால், மேலும் ஏற்றிய நீர் நுரையீரலில் நிறைந்து மூச்சை அடைக்கும். அபாயக் குறி கண்ட நோயாளிக்கு முதலில் உடலெடைக் கிலோ ஒன்றுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி லிட்டர் எனத் தொடங்கி, மணிதோறும் நோக்கிக் குறைத்து வருவது முறை. தொடங்க அறிந்தவரினும் நிறுத்த அறிந்தவரே இந்நோயிற் சிறந்த மருத்துவர் என்று ஒரு நண்பர் எனக்குக் கூறியதுண்டு.

இனிப் பிளேட்லெட்டுக்கு வருவோம். இரத்தத் தட்டணு எனத் தமிழில் வழங்கும் இவை நலமுள்ளார்க்கு ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். டெங்குவில் அவை குறையும். சிலர்க்கு 20,000-க்குங் கீழே போவதுண்டு. குறைந்தால் இரத்தங் கசிந்து இறப்பர், ஆகையால் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும் என்பது ஊரார் நம்பிக்கை. நம்பிக்கையைச் சோதிக்கவே சோதனை இருக்கின்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்கு உட்பட்ட எண்ணோடு இருந்த 372 பேரை இருபகுதியாக்கி, ஒரு பகுதியார்க்கு மட்டும் தட்டணு ஏற்றிப் பார்த்தனர். 2017-இல் வெளிவந்த முடிவு யாதெனின், ஏற்றியதனால் இரத்தக் கசிவு தடைப்படவில்லை. ஏற்றப்பெற்றோர்க்கே ஒவ்வாமை முதலிய துன்பங்கள் மிகுதியாயின. ஏற்றிய தட்டணுக்களும் நோயாளியின் தட்டணுக்களைப் போலவே விரைவில் அழிந்துபோகின்றன. சுரம் விட்ட சில நாளில், எவருங் கொடாமலே, எலும்பின் மச்சை புதியனவற்றை ஈன்று எண்ணை உயர்த்திவிடுகின்றது. பப்பாளியிலைக்கும் நல்ல பெயர் கிடைக்கின்றது.

ஆகவே அவ்வெண் பயனற்றதென யான் சொல்ல வரவில்லை. அஃதொரு கடிகாரம். ஓரிலட்சத்துக்குக் கீழே அது விரைந்து இறங்குமாயின், நீர் கசியும் வேளை நெருங்கிற்று, விழித்திரு என்று அறிவிக்கின்றது. கடிகாரம் மணி காட்டுகின்றதென்று அதன் முள்ளைப் பிடித்துப் பின்னே திருப்புவார் உண்டோ? நாம் அதைத்தான் செய்கின்றோம். தட்டணுக்குத் துணையாக இன்னோரெண்ணும் அதே தாளில் அச்சாகியிருக்கும். அதனை எவரும் படிப்பதில்லை. ஹெமடோகிரிட் என்பர், இரத்தத்தில் சிவப்பணுக்கள் கொள்ளும் பங்கு. 40-லிருந்து 48-க்கு, அதாவது ஐந்திலொரு பங்கு, அஃது ஏறிற்றெனின் இரத்தஞ் சுண்டுகின்றதென்பது வெளிப்படை. எம் மாணவனின் தாள்களைப் பின்னர் எடுத்து நோக்கினேன். அவ்வெண் மூன்று நாளும் படிப்படியாக ஏறியே வந்திருந்தது. தட்டணுவைச் சிவப்பு மையாற் சுழித்திருந்தார்கள்.

பதினொரு மாணவரைப் பற்றிச் சொன்னேன். அவர்தம் ஈகையை யான் குறைகூறேன். முன்பின் அறியாதார்க்குத் தம் இரத்தத்தை ஈயும் பிள்ளைகள் நம் கலாசாலைக்கு அணியாவர். மழைக்காலந்தோறும் கைப்பேசியில் "அவசரம்" என்று செய்தி வருகின்றது. வகுப்பை விட்டு ஓடுகின்றனர். ஒருவரிடம் தட்டணு மட்டும் பிரித்தெடுக்க ஒருமணி நேரத்துக்கு மேலும் ஆகின்றது. எடுத்த தட்டணுவை ஐந்து நாளுக்குமேல் வைத்தலும் ஆகாது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைக்கு உண்மையிலேயே அது வேண்டியிருக்கையில், வேண்டாதார்க்கு அது போய்ச் சேர்கின்றது. டெங்கு நோயாளிக்கு உண்மையாகவே இரத்தம் பெருகி வடியுமாயின் இரத்தம் ஏற்றுதல் இன்றியமையாதது, அதனை மறுப்பாரில்லை. எண் இறங்கிற்று என்னும் ஒரு காரணத்துக்காக ஏற்றுவதையே மறுக்கின்றேன்.

மருத்துவர்மீது முழுப்பழியையுஞ் சுமத்துதல் நேர்மையன்று. "ஏற்ற வேண்டுவதில்லை" என்று சொல்லும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. பக்கத்து மருத்துவமனைக்கு நோயாளியைத் தூக்கிச் செல்கின்றோம். அதுவுங் கசிவு நேரத்தில், வண்டியிற் குலுக்கிக்கொண்டு! உறவினர் சினத்துக்கு அஞ்சி இரண்டு பை ஏற்றிவிடும் மருத்துவரும் உளர். இலாபங் கருதி ஏற்றுவாரும் இலராகார். எனினும் கேட்பார் கேள்வி மாறினால் ஒழிய விடையும் மாறாது.

நோயை அறிதலிலும் ஒரு தாளையே தெய்வமாகக் கொள்ளும் வழக்கம் புகுந்துவிட்டது. முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 என்னும் வைரஸ் புரதத்தையும், ஐந்தாம் நாளின்பின் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்புப் பொருளையும் இரத்தத்தில் தேடுவர். எலைசா முறையிற் செய்வது நம்பத்தக்கது. சிறு பட்டையிற் சொட்டிக் காலேமணியிற் கூறுவது பிழைபடுதல் மிகுதி. முன்னொரு முறை டெங்கு வந்தவர்க்கு என்.எஸ்.1 சோதனை "இல்லை" என்று பொய்யுரைப்பதும் அதிகம். இவ்விடத்தில் ஓர் இடர் மறைந்து நிற்கின்றது. ஒருவகை வைரஸால் நோயுற்றவர் அவ்வகையால் மீண்டுந் துன்புறார். ஆனால் மற்றொரு வகை தாக்குங்கால் நோய் கடுமையாதற்கு ஏது மிகுதி. 1960-களில் பாங்காக்கில் ஆராய்ந்த ஹால்ஸ்டெட் என்னும் அறிஞர் இதனை விளக்கினார். "எனக்கு முன்னமே வந்து போயிற்று, இனிப் பயமில்லை" என்று கூறும் மாணவனையே காப்பாளர் கூர்ந்து நோக்கல் வேண்டும். மழைக்காலச் சுரத்தில் தாள் "இல்லை" என்றாலும் உடல் "உண்டு" என்று சொல்லுமாயின், உடலையே நம்புக.

இன்னுமொன்று. மலேரியா, டைபாய்டு, எலிச்சுரம், சிக்குன்குனியா யாவும் முதலிரண்டு நாளில் ஒன்றுபோலவே தோன்றும். மூட்டு நோகிறதென்று கடையில் டைக்ளோஃபினாக்கோ, இபுப்ரோஃபெனோ, ஆஸ்பிரினோ வாங்கி விழுங்குதல் நம் மாணாக்கர் வழக்கம். டெங்கு அன்றெனத் தெளியுமட்டும் இவை நஞ்சென்றே கொள்க. இரத்தப் போக்கை இவை தூண்டுவன. பாரசிட்டமால் ஒன்றே தக்கது. அதுவும் அளவோடு, ஆறு மணிக்கு ஒருமுறை.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றி என்னைக் கேட்பார் பலர். 2012-இல் திருநெல்வேலிச் சீமையை இந்நோய் வாட்டியது முதல் அரசினரே அதனை வழங்கி வருகின்றனர். நம் முன்னோர் மருத்துவத்தை எள்ளும் நோக்கம் எனக்கில்லை, குடிப்பார் குடிக்கட்டும். ஆனால் ஒரு குவளை கசப்பைக் குடித்துவிட்டு "மருந்து கொடுத்தாயிற்று" என்று நாம் அமைதியுறுவதுதான் அச்சந் தருவது. கசிவு நாளில் நோயாளிக்கு வேண்டுவது அடுத்தடுத்துப் பருகும் கஞ்சி, இளநீர், உப்புஞ் சர்க்கரையுங் கலந்த நீர். அவற்றையும் வாந்தியெடுத்தால் தாமதமின்றி மருத்துவமனை.

நம் விடுதித் தலைவர்க்கும் ஆட்சிக் குழுவினர்க்கும் யான் வேண்டிக்கொள்வன சிலவே. விடுதி நோயறையில் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். சுரம் தொடங்கியது எந்நாள், இன்று எத்தனையாம் நாள், பருகியது எவ்வளவு, சிறுநீர் எப்பொழுது, இரத்த அழுத்தத்தின் இரண்டெண், இவற்றைத் தோழரே எழுதலாம். ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாதவனையும், ஓயாது வாந்தியெடுப்பவனையும், வயிறு நோகிறதென்பவனையும், பல்லீறோ மூக்கோ கசிபவனையும், காரணமின்றித் தளர்ந்தோ பதைத்தோ கிடப்பவனையும் எவருடைய அனுமதிக்குங் காத்திராது கொண்டு செல்க. சுரம் விட்டது முதல் இரண்டு நாள் மாணவனை ஊருக்குப் பேருந்தேற்றி விடலாகாது. "வீட்டுக்குப் போய் ஓய்வெடு" என்று அன்பினால் அனுப்புகின்றோம். வழியில் எட்டு மணிநேரம் அவனுக்கு நாடி பார்ப்பவர் யார்?

கொசுவைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. நாட்டுநலப்பணி மாணவர் நன்கறிவர். சாக்கடையில் அது முட்டையிடாது. நாம் குடிக்கச் சேமித்த தெளிந்த நீரிலே இடும். அம்முட்டை நீர் வற்றியபின்னும் தொட்டியின் விளிம்பிற் பலமாதம் ஒட்டிக் கிடந்து, மறுமழையிற் பொரியும். ஆகவே நீரைக் கொட்டினாற் போதாது. விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதனை எழுதுமுன் விடுதி மேற்றளத்துக்கு ஏறிச் சென்று பார்த்தேன். ஆறு தொட்டிகளில் இரண்டிற்கு மூடியில்லை. ஒன்றன் மூடியை உணவறைக் கதவருகே கண்டேன். அதன்மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கின்றனர். மற்றதன் மூடி எங்கேயென்று காவலாளரைக் கேட்டிருக்கின்றேன்.